ஊதாத் தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா? கறுப்பு ஆணும் மஞ்சள் பெண்ணும் குழப்புகின்றன

தக்கலைத்_தோட்டம் எழுதியது:

வணக்கம். வீடு தக்கலைக்குப் பக்கம். காம்பவுண்டு ஓரமாக ஹமேலியா வரிசையாக நிற்கிறது, பின்பக்கம் முருங்கையும் வாழையும். காலையிலிருந்து பொழுதுசாயும் வரை தேன்சிட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊதாப்பிட்டத் தேன்சிட்டை அடையாளம் தெரிகிறது. ஆணின் முதுகு மெரூன், வயிறு மஞ்சள், குழப்பமே இல்லை. சிக்கல் மற்ற இரண்டோடுதான்: ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு.

நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

படம் 1: கறுப்பு ஆண், வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக எடுத்தது. முகம் கொஞ்சம் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அலகு நன்றாக வளைந்து தெரிகிறது.
படம் 2: கறுப்பு ஆண், சரியான பக்கவாட்டு. வயிறு பழுப்பாகத் தெரிகிறது.
படம் 3: மஞ்சள் வயிற்றுப் பெண், கீழேயிருந்து எடுத்தது.
படம் 4: மஞ்சள் வயிறு, தொண்டையிலிருந்து அடிவயிறு வரை கறுப்புக் கோடு, தோளில் நீலப் பளபளப்பு.

புத்தகத்தில் ஒன்றுக்குக் குட்டை அலகு, மற்றதற்கு நீள அலகு என்றுதான் இருக்கிறது. எவ்வளவு இருந்தால் நீளம்? மெர்லின் செயலியில் குரலைப் போட்டால் ஒரு தடவை ஊதா என்கிறது, அடுத்த தடவை லோட்டன் என்கிறது.

இன்னொன்று. துணி காயப்போடும் கம்பியில் ஒரு கூடு தொங்குகிறது. கூட்டை வைத்து எந்தச் சிட்டு என்று சொல்ல முடியுமா? துணி காயப்போடுவதை நிறுத்த வேண்டுமா?

---

குமரிமுனை_பறவைநோக்கி எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிறத்தை வைத்து இந்த இரண்டு ஆண்களையும் பிரிக்கப் பார்க்காதீர்கள். பேரில் 'ஊதா' இருப்பதால் ஊதாவாகத் தெரிந்தால் அதுதான் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டிலுமே அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பறவை தலையைக் கொஞ்சம் திருப்பினால் பச்சை, இன்னும் திருப்பினால் நீலம், பிறகு ஊதா, நிழலுக்குப் போனால் வெறும் கறுப்பு. லோட்டன் ஆண் நல்ல வெயிலில் ஊதாத் தேன்சிட்டை விட ஊதாவாகவே தெரியும்.

ஆணில் பார்க்க வேண்டியவை மூன்று. இதே வரிசையில் பாருங்கள்.

முதலாவது அலகு. 'நீளம்' என்பதற்கு அளவுகோல் பறவையின் தலையே. அலகின் அடியிலிருந்து பிடரி வரை உள்ள தூரத்தை ஒரு 'தலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதாவில் அலகு ஒரு தலை நீளம் இருக்கும், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். லோட்டனில் ஏறத்தாழ ஒன்றரைத் தலை. பக்கவாட்டில் நின்றால் அளக்கவே தேவையில்லை, 'இந்த உடம்புக்கு இந்த அலகு அதிகம்' என்று கண்ணுக்கே தோன்றும். வளைவும் வேறு: ஊதாவில் மெல்ல இறங்கும், லோட்டனில் அடியிலிருந்து நுனி வரை விடாமல் வளைந்து அரிவாள் போல முடியும்.

இரண்டாவது அடிவயிறு. ஊதா ஆணுக்கு வயிறும் கறுப்பு, நெஞ்சின் கருநீலம் அப்படியே கீழே இறங்கும். லோட்டன் ஆணுக்கு மார்பு வரைதான் பளபளப்பு, அதற்குக் கீழே மங்கிய புகைப்பழுப்பு. இதில் ஒரு சின்ன உதவி: வயிற்றை மடக்கிய இறக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டு இனத்துக்கும் இறக்கை பழுப்புதான். லோட்டனில் வயிறும் இறக்கையும் ஏறக்குறைய ஒரே பழுப்பாக ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊதாவில் கறுப்பு வயிற்றின் மேல் பழுப்பு இறக்கை தனியாகத் தெரியும். பழைய, தேய்ந்த இறகோடு இருக்கும் ஊதாவின் வயிறு மங்கலாகத் தோன்றலாம், ஆனாலும் இறக்கையின் பழுப்புக்கு அது வராது.

மூன்றாவது மார்புப்பட்டை. லோட்டனுக்கு நெஞ்சின் கீழே அகலமான மெரூன் பட்டை உண்டு. கறுப்பும் பழுப்பும் சந்திக்கும் இடத்தில்தான் அது இருக்கும். ஊதாவுக்கும் சில ஆண்களில் செம்பழுப்புப் பட்டை தெரியும், அது ஒடுங்கியது, பல நேரம் கண்ணில் படவே படாது. ஆகவே 'பட்டை இருக்கிறது, அதனால் லோட்டன்' என்று முடிக்கக் கூடாது. அகலமான பட்டையும் அதற்குக் கீழே பழுப்பு வயிறும் சேர்ந்திருந்தால்தான் லோட்டன்.

அக்குளில் தெரியும் மஞ்சள் இறகுக் கற்றையைச் சிலர் அடையாளமாகச் சொல்வார்கள். இரண்டு ஆணுக்கும் அது உண்டு. பெண்ணை மயக்கும்போதும் போட்டி ஆணை விரட்டும்போதும் விரித்துக் காட்டும், மற்ற நேரம் இறக்கைக்குள் மறைந்திருக்கும். பிரித்தறிய அதை நம்ப வேண்டாம்.

உங்கள் படம் 2 லோட்டன் ஆண். அலகு, வயிறு, பட்டை மூன்றும் பொருந்துகின்றன. படம் 1 பற்றி அலகின் வளைவை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

உடல் நீளத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புத்தகங்களில் ஊதா 10 செ.மீ., லோட்டன் 12 முதல் 13 செ.மீ. என்று போட்டிருக்கும். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அலகுதான். கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒன்றைப் பார்த்து 'பெரிசாக இருக்கிறது, லோட்டன்' என்று சொல்ல முடியாது.

---

எதிரொளி எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. படம் எடுத்து அடையாளம் காண்பவர்களுக்காக, கோணம் என்ன செய்யும் என்பதைச் சேர்க்கிறேன். இந்த இரண்டிலும் தப்பாகப் போகும் படங்களில் பெரும்பாலானவை கோணத்தால்தான் தப்பாகின்றன.

பறவை முகத்தைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் திருப்பினால், படத்தில் அலகின் நீளம் குறையும். தலை உருண்டை, அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தலையின் அளவு அவ்வளவாக மாறாது. ஆக, கோணம் தவறினால் அலகு–தலை விகிதம் எப்போதும் குறையத்தான் செய்யும், கூடாது. லோட்டனைக் கோணம் ஊதாவாகக் காட்டும். ஊதாவை லோட்டன் அளவுக்கு நீளமாகக் காட்டாது. எனவே ஒரு படத்தில் அலகு ஒன்றரைத் தலை இருந்தால், அந்தச் சான்று வலுவானது. ஒரு தலைதான் இருக்கிறது என்றால், பறவை உண்மையிலேயே பக்கவாட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊதா என்று எழுத வேண்டும். பக்கவாட்டா என்று எப்படித் தெரியும்? ஒரு கண்தான் தெரிய வேண்டும், மற்றக் கண்ணின் புடைப்போ மறுபக்கப் புருவமோ துளியும் தெரியக் கூடாது. அலகின் அடியும் நுனியும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். அடி கூர்மையாகவும் நுனி மங்கலாகவும் இருந்தால் அலகு உங்களை நோக்கியோ விலகியோ நிற்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, நாக்கு. தேன் குடித்து நிமிர்ந்த உடனே நாக்கு நுனி அலகுக்கு வெளியே நீண்டு நிற்கும். சின்னப் படத்தில் அது அலகின் தொடர்ச்சியாகத் தெரிந்து ஊதாவையும் நீள அலகுக்காரனாக்கிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனியில் திடீரென்று மெலிந்து வெளிறிப்போனால் அது நாக்கு. அதைக் கழித்துவிட்டு அளவெடுங்கள்.

வளைவு விஷயத்தில் கோணம் இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். முகம் திரும்பும்போது அலகின் கிடைமட்ட நீளம் சுருங்குகிறது, ஆனால் கீழே இறங்கும் அளவு அப்படியே இருக்கிறது. விளைவு: சாதாரண ஊதாவின் அலகும் கொக்கி மாதிரித் தெரியும். உங்கள் படம் 1-இல் நடந்திருப்பது இதுதான். வளைவைப் பார்த்து லோட்டன் என்று எழுதிவிடாதீர்கள். படம் 1-ஐ எடிட்டரில் திறந்து நிழல் பகுதிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் வயிற்றின் நிறம் வெளியே வந்துவிடும். ஜேபெக் என்றாலும் ஓரளவு வரும்.

இனி எடுக்கும்போது கவனிக்க:

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலையில் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் வரை நல்லது. உச்சி வெயிலில் பறவையின் வயிறு முழுக்க நிழலில் போய்விடும், வேண்டியதே வயிறுதான். வானம் பின்னணியாக வந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். பின்னணி அடர்ந்த இலையாக இருந்தால் ஏற்றத் தேவையில்லை. ஏற்றினால் அக்குள் மஞ்சளும் தோள் பளபளப்பும் எரிந்துவிடும். ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் கீழே இறங்காமல் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) கூடிப் புள்ளி விழுந்தாலும் அலகின் விளிம்பு தெளிவாக இருந்தால் போதும்.

செம்பருத்தியில் காத்திருக்காதீர்கள். அங்கே பறவை பூவின் அடியில் துளைபோட்டுத் தேனெடுக்கும், அலகு பாதிக்கு மேல் மறைந்துவிடும். ஹமேலியா நல்ல இடம். குழல் பூக்கள் கொத்தாக நீட்டிக்கொண்டிருப்பதால் காம்பில் குறுக்காக உட்காரும். அதை விட நல்லது, குடித்து முடித்துப் பக்கத்துக் குச்சிக்குப் போகும் தருணம். அலகை இரண்டு பக்கமும் குச்சியில் தேய்த்துத் துடைக்கும், துடைத்ததும் ஒரு நொடி நிமிர்ந்து நிற்கும். பூவைக் குறிவைப்பதை விட்டுவிட்டு அந்தக் குச்சியைக் குறிவைத்து ஃபோகஸ் போட்டுவையுங்கள். ஒரே குச்சிக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

---

வன்னிக்காடு எழுதியது:

வணக்கம், இலங்கையில இருந்து எழுதுறன். இந்த இரண்டும் எங்களுக்கும் இருக்கிறதால பெண்களைப் பற்றியும் குரலைப் பற்றியும் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

பெண்ணிலயும் முதல் பார்க்கவேண்டியது அலகுதான். அலகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அமைப்பு. லோட்டன் பெண்ணின்ர அலகும் தலையை விட நல்ல நீளம். அலகு சரியாத் தெரியாட்டில் முகத்தைப் பாருங்கோ. ஊதாப் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல மெல்லிய வெளிர்மஞ்சள் புருவக்கோடு இருக்கும், கண்ணுக்குள்ளால ஒரு மங்கல் கறுப்புக் கோடும் போகும். லோட்டன் பெண்ணுக்குப் புருவக்கோடு இல்லை, முகம் வெறுமையா இருக்கும். முதுகும் கொஞ்சம் இருண்ட ஒலிவ் நிறம், வயிறு மங்கின மஞ்சள். ஊதாவில மஞ்சள் கொஞ்சம் பளிச்செண்டு இருக்கும். ஆனால் மஞ்சளின்ர அடர்த்தியை மட்டும் வைச்சு முடிவெடுக்க வேண்டாம், இலைகளின்ர பச்சை வயித்தில பட்டாலே நிறம் மாறித் தெரியும்.

மூன்றாவது பெண்ணை மறக்க வேண்டாம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின்ர பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் வெள்ளை, நெஞ்சில்தான் மஞ்சள் தொடங்கும், மடிச்ச இறக்கையில செம்பழுப்பு ஓரம் தெரியும். நீங்கள் சொல்லுற மற்ற இரண்டு பெண்ணுக்கும் தொண்டையிலயிருந்தே மஞ்சள். ஆகவே முதல் கேள்வி 'தொண்டை வெள்ளையா, மஞ்சளா?' வெள்ளை எண்டால் அதோட முடிஞ்சுது. மஞ்சள் எண்டால் மட்டும் அலகுக்கும் புருவத்துக்கும் போங்கோ. நீங்கள் மலையடிவாரத்துக்குக் கிட்ட இருக்கிறதால மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சின்னத் தேன்சிட்டும் வரலாம். அது இதுகளை விடச் சின்னன், அலகும் குட்டை.

உங்கட படம் 4, கறுப்புக் கோடு போட்டது. அது ஊதா ஆண், இனப்பெருக்கக் காலத்துக்கு வெளிய போடுற இறகு. பெண் மாதிரி மஞ்சளா மாறி, தொண்டையிலயிருந்து வயிறு வரைக்கும் நடுவால ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். தோளில பளபளப்பும் நிற்கும். இதுக்குள்ள ஒரு பொறி இருக்கு. லோட்டனின்ர இளம் ஆணும் வளர்ந்த இறகுக்கு மாறேக்குள்ள தொண்டையில இருண்ட கோடு காட்டும். கோட்டைப் பார்த்த உடன ஊதா எண்டு எழுதாமல், அங்கயும் அலகைத்தான் பார்க்கவேணும். உங்கட படத்தில பறவை நேர் பக்கவாட்டில நிற்குது, அலகு ஒரு தலைக்குக் கொஞ்சம்தான் கூட, அதால சொல்லுறன்.

எங்கட பக்கம் இரண்டும் எப்பிடி இருக்கெண்டால்: லோட்டன் மரம் கூடின இடம், தென்னந்தோப்பு, வீட்டுத் தோட்டம், ஈரவலயம் எல்லாத்திலயும் இருக்கும். ஊதா முக்கியமா உலர்ந்த தாழ்நிலத்துப் பறவை, பற்றைக்காடும் முள்ளுக்காடும் அதுக்குப் பிடிச்ச இடம். இந்தியாவிலயும் ஏறத்தாழ இதே போக்குத்தான். ஊதா வறண்ட வெளிகளிலயும் வயலோரத்திலயும் கூட, லோட்டன் மரநிழல் உள்ள இடங்களில கூட. ஆனால் வீட்டுத் தோட்டம் இரண்டுக்கும் பொது, அதால இடத்தை வைச்சு முடிவெடுக்கேலாது.

உலகப் பரப்பு வேற. லோட்டன் இலங்கைக்கும் தீபகற்ப இந்தியாவுக்கும் மட்டும் உரியது. ஊதா ஓமான், அமீரகம், ஈரானில தொடங்கி இந்தியா முழுக்க வந்து வியட்நாம் வரைக்கும் போகும். துபாயில ஒரு கறுப்புத் தேன்சிட்டைப் பார்த்தால் லோட்டனை யோசிக்கவே தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியாவில இருக்கிற ஆக்களுக்கு இந்த இரண்டுமே வராது, அங்க வேற தேன்சிட்டுகள்.

லோட்டன் எண்டது ஒரு ஆளின்ர பேர். 1752 முதல் 1757 வரைக்கும் இலங்கையில ஒல்லாந்த ஆளுநரா இருந்த யோவான் கிடியோன் லோட்டன். இங்க இருந்த காலத்தில பறவைகளைப் படமா வரைவிச்சவர். 1766-இல லின்னேயஸ் இந்தச் சிட்டுக்கு அவரின்ர பேரை வைச்சார்.

குரல்: செயலி மாறி மாறிச் சொல்லுறதுக்குக் காரணம், நீங்கள் குடுத்தது ஒற்றைக் கூப்பிடுகுரலா இருக்கலாம். தேன்சிட்டுகளின்ர ஒற்றைக் குரல்கள் எல்லாம் மிகச் சின்னன், ஒண்டோட ஒண்டு நெருக்கம். ஊதாவின்ர கூப்பிடுகுரல் மேல வளைஞ்சு முடியும், 'ஸ்வீட்' எண்டது போல. லோட்டனது கடினமா, உலோக ஒலியோட 'சிட், சிட்'. ஆணின்ர பாட்டுத்தான் உறுதி. ஊதா வேகமா 'சீவிட்-சீவிட்-சீவிட்' எண்டு ஒரே சொல்லை அடுக்கும். லோட்டன் 'டிட்டி-டிட்டு-வீச்சி' எண்ட ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடும். உயரக் கிளையில ஆண் பாடுறதைக் குறைஞ்சது அரை நிமிசம் தொடர்ந்து பதிவு செய்து பிறகு செயலிக்குக் குடுங்கோ. பக்கத்தில கதைக்கிற சத்தமும் மோட்டர் சத்தமும் இருந்தால் இந்த மெல்லிய குரலில வித்தியாசம் அழிஞ்சிடும்.

பதிவு செய்த குரலைத் திருப்பிப் போட்டுப் பறவையைக் கூப்பிட வேண்டாம். கூடு பக்கத்தில இருக்கெண்டு சொல்லுறீங்கள். ஆண் அதைப் போட்டி ஆண் எண்டு நினைச்சு, குஞ்சுக்குத் தீனி குடுக்கிறதை விட்டிட்டுச் சண்டைக்கு அலையும்.

---

தூக்கணாங்கூடு எழுதியது:

கூட்டுக் கேள்விக்கு நான் வருகிறேன்.

கூட்டை மட்டும் பார்த்து ஊதாவா லோட்டனா என்று சொல்ல முடியாது. இரண்டுமே தொங்கும் பை. புல், நார், காய்ந்த இலை, பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் கட்டி, வெளியே கம்பளிப்புழு எச்சம், பட்டைச் செதில் என்று ஒட்டிவைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டடையில் குப்பை சிக்கியது போலத்தான் இருக்கும், அதனாலேயே பலர் துடைப்பத்தால் இழுத்துவிடுகிறார்கள். வாசல் பக்கவாட்டில், மேல்பாதியில். லோட்டனில் விசேஷமாக ஒன்று உண்டு: கூட்டமாக வாழும் சிலந்திகள் கிளையில் கட்டிவைத்த அடர்ந்த வலைத்திரளுக்குள்ளேயே குடைந்து கூடு அமைப்பதும் பதிவாகியிருக்கிறது. கம்பியில் தொங்கும் உங்கள் கூட்டுக்கு அது பொருந்தாது.

கூட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கப் பெண்ணைப் பாருங்கள். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெரும்பாலும் பெண்தான். ஆண் சுற்றிச் சுற்றி வரும், குஞ்சு பொரித்த பிறகு தீனி கொண்டுவரும். பெண் கூட்டுக்குள் இருக்கும்போது அலகு வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக நின்று பைனாகுலரில் பார்த்தால் அலகின் நீளமும் தொண்டை நிறமும் தெரிந்துவிடும். அங்கே ஊதாப்பிட்டமும் நிறைய இருப்பதாகச் சொல்கிறீர்கள். வீட்டுக் கம்பி, வராந்தாக் கொடி இவற்றில் கூடு கட்டுவதற்கு அதுவும் பேர்போனது. தொண்டை வெள்ளையா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

துணி விஷயம். கூடு தொங்கும் கம்பியில் துணி போடாதீர்கள். ஈரத்துணியின் கனத்தில் கம்பி தாழ்ந்து எழும்பும், காற்றில் துணி அடித்தால் கூடு சுழலும், முட்டை உருண்டு விழும். பக்கத்துக் கம்பியைப் பயன்படுத்தலாம், ஆனால் துணி கூட்டு வாசலை மறைக்கக் கூடாது, வாசலுக்கு நேரே பறந்து வரும் வழி திறந்திருக்க வேண்டும். கம்பியை அறுத்து வேறு இடத்தில் கட்டுவது கூடவே கூடாது. சில அடி நகர்த்தினாலும் பெண் பழைய இடத்துக்கே வந்து தேடிவிட்டுக் கூட்டைக் கைவிடும் வாய்ப்பு அதிகம். வழக்கமாக இரண்டு முட்டை. அடைகாப்பு சுமார் இரண்டு வாரம், பிறகு குஞ்சுகள் பறக்க ஏறத்தாழ இன்னும் இரண்டு வாரம். கட்டி முடித்த கூடு என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அந்தக் கம்பியை விட்டுக்கொடுத்தால் போதும்.

கட்டும் கட்டத்தில்தான் பெண் அதிகம் மிரளும். இரண்டு மூன்று நாள் கட்டிவிட்டுக் காணாமல் போய்விட்டது என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் யாரோ தினமும் அடியில் நின்று எட்டிப் பார்த்திருப்பார்கள். ஃபிளாஷ் வேண்டாம். மொபைலை வாசல் வரை நீட்டி உள்ளே படம் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் போய்வந்த வழியைக் காகமும் பூனையும் கவனிக்கும். பூனை இருக்கும் வீடு என்றால் கூட்டுக்கு நேர் கீழே ஸ்டூல், டிரம், மதில் எதுவும் ஏறு படியாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டைக் கலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். குஞ்சுகளுக்கு வேண்டியது தேன் அல்ல, பூச்சியும் சிலந்தியும். தாய் நாள் முழுக்கக் கொண்டுவருவது அதைத்தான். எனவே கூடு இருக்கும் காலத்தில் முருங்கைக்கும் வாழைக்கும் மருந்தடிக்காதீர்கள், வீட்டு மூலைச் சிலந்தி வலைகளை எல்லாம் ஒரேயடியாகத் துடைத்துவிடாதீர்கள். கூடு கட்டவே அந்த நூல்தான் வேண்டும். பூவுக்கு, உங்களிடம் இருக்கும் ஹமேலியாவும் முருங்கையும் வாழைப்பூவும் போதும். இன்னும் வைக்க நினைத்தால் இட்லிப்பூ, செம்பருத்தி, இடமிருந்தால் கல்யாணமுருங்கை. மாமரத்திலோ வேறு மரத்திலோ புல்லுருவி இருந்தால் ஒரு கொத்தையாவது விட்டுவையுங்கள். அதன் குழல்பூவைத் தேன்சிட்டு தேடி வரும், மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும்.

---

தக்கலைத்_தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படம் 1-இல் நிழலை ஏற்றிப் பார்த்தேன். வயிறு கறுப்பாகத்தான் இருக்கிறது, பழுப்பு இறக்கை அதன்மேல் தனியாகத் தெரிகிறது. பட்டை எதுவும் இல்லை. புதுப்படத்தை இணைத்திருக்கிறேன். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் வெள்ளை. படம் 3 மட்டும் மிச்சம். அதே செடியில் வாயோரம் மஞ்சளாக இருக்கும் சிறு பறவை ஒன்றும் வருகிறது. அதன் அலகு குட்டைதான், அதை ஊதா என்று போட்டுக்கொள்ளலாமா?

---

குமரிமுனை_பறவைநோக்கி எழுதியது:

படம் 1 ஊதா ஆண். வயிறும் இறக்கையும் பிரிந்து தெரிவது போதும். கூடு ஊதாப்பிட்டத்துடையது.

வாயோரம் மஞ்சளாக இருப்பது கூட்டை விட்டு வந்து சில நாளே ஆன குஞ்சு. அதை ஊதா என்று போடாதீர்கள். லோட்டன் குஞ்சின் அலகும் இந்த வயதில் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது, குட்டையாகவும் வளைவு குறைந்தும்தான் இருக்கும். அலகு அளவுகோல் வேலை செய்யாத ஒரே இடம் இது. தீனி கொடுக்க யார் வருகிறார்கள் என்று பாருங்கள். இறக்கையைப் படபடவென்று நடுக்கிக்கொண்டு வாயைத் திறந்து உட்காரும், கொஞ்ச நேரத்தில் தாயோ தந்தையோ வந்தே தீரும். வளர்ந்த பறவையின் அலகை அளந்தால் குஞ்சுக்கும் விடை கிடைத்துவிடும்.

படம் 3 நேர் கீழேயிருந்து எடுத்தது. தொண்டை மஞ்சள், அதனால் ஊதாப்பிட்டம் இல்லை என்பது வரை உறுதி. அலகு கேமராவை விட்டு விலகி நிற்கிறது, புருவம் இருக்கும் இடமே தெரியவில்லை. வால் இரண்டுக்கும் இருண்டு, நுனி வெளிறித்தான் இருக்கும், அதிலும் பிடி இல்லை. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போடுவதாக இருந்தால் இனம் குறிப்பிடாமல் தேன்சிட்டு என்ற பொதுப்பதிவில் போட்டு, குறிப்பில் 'பெண், மஞ்சள் தொண்டை, அலகு தெரியவில்லை' என்று எழுதுங்கள். லோட்டன் ஆணும் ஊதா ஆணும் ஒரே செடிக்கு வரும் தோட்டத்தில், கூட வந்த ஆணை வைத்துப் பெண்ணின் இனத்தை ஊகிக்க முடியாது.